கைக்குழந்தைக்குக் கிட்னி வீக்கம்: மலையில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

கோயம்புத்தூரில் குழந்தைகள் அறுவைசிகிச்சை வார்டில் 18 வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனாலும் ஸ்கேன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில், சந்தையில், மேட்டுப்பாளையம் பஸ்ஸில் என்று கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். கேட்டவர்கள் வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் பி.யு.ஜே. அடைப்பைப் பற்றித்தான். கிட்னியும் யூரின் குழாயும் சேருகிற இடத்தில் பிறவியிலேயே இருக்கும் இறுக்கத்துக்கு அந்தப் பெயர்.

ஏழாம் மாச ஸ்கேன்லயே பேபிக்கு இடது கிட்னி வீங்கியிருக்குன்னு எழுதியிருக்காங்க. கிட்னி போச்சா சிஸ்டர்?

இல்லை. வீக்கம் என்றதும் அடிபட்டு வீங்கின கால்போல நினைத்துக்கொள்கிறோம். இங்கே விரிந்திருப்பது கிட்னியின் சதை இல்லை, அதற்குள் யூரின் வந்து சேரும் பை. ஓடையிலிருந்து கருப்பு ஹோஸ் போட்டு வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே டிரம்மில் தண்ணீர் விழுகிறது. டிரம்மின் கழுத்தில் ஹோஸ் நசுங்கியிருந்தால் கீழே மெல்லத்தான் இறங்கும், டிரம் எப்போதும் நிரம்பியே இருக்கும். டிரம் நிரம்பியிருப்பதைத்தான் ஸ்கேன் பார்த்திருக்கிறது.

ஏறக்குறைய நூறு கர்ப்பத்தில் ஒன்றில் இப்படி ஏதோ ஒரு அளவு விரிவு தெரியும். அதில் பெரும்பாலானவை தானாகவே சரியாகிவிடும். ரிப்போர்ட்டில் மில்லிமீட்டரில் ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். கடைசி மூன்று மாதத்தில் 7-க்கு மேல் இருந்தால் பிறந்தபின் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். 15-ஐத் தாண்டினால் விடாமல் பின்தொடர வேண்டும். எண் எதுவானாலும், இதற்காகப் பிரசவத்தை முன்கூட்டி வைக்க வேண்டிய அவசியம் சாதாரணமாக வராது.

கிரகணத்தன்னிக்கு நான் வெளிய வந்துட்டேன். மாமியார் அதனாலதாங்கறாங்க.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் யூரின் குழாய் உருவாகும்போது ஒரு துண்டில் தசை சரியாக அமையாமல் போகிறது. அந்த இடம் சுருங்கி விரிந்து யூரினைக் கீழே தள்ளாது. சில குழந்தைகளுக்குக் கிட்னிக்குப் போகும் ஒரு ரத்தக்குழாய் குறுக்கே ஓடி அழுத்தும். ஆண் குழந்தைகளுக்கும் இடது பக்கத்திலும் இது அதிகம். கிரகணத்துக்கும், தோட்டத்தில் குனிந்து கொழுந்து பறித்ததற்கும், பப்பாளி சாப்பிட்டதற்கும் இதில் பங்கில்லை. மாமியாரையும் ஒருநாள் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நீங்கள் சொல்வதைவிட அவர் சொன்னால் கேட்பார்கள்.

பொறந்த மறுநாளே ஸ்கேன் பண்ணிட்டாங்க, நார்மல்னு வந்துடுச்சு. விட்டுடலாமா?

விடக்கூடாது. பிறந்த முதல் ஒன்றிரண்டு நாள் குழந்தை உடம்பில் நீர் குறைவு, யூரினும் கொஞ்சமாகத்தான் வரும். டிரம்மில் தண்ணீரே விழாதபோது டிரம் காலியாகத்தான் தெரியும். அதனால் முதல் ஸ்கேனை 48 மணி நேரம் கழித்து, முடிந்தால் ஒரு வாரம் ஆனபின் எடுப்பார்கள். அது நார்மல் என்றாலும் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் இன்னொன்று எடுக்க வேண்டும்.

உடனே பார்க்க வேண்டியவர்களும் உண்டு. இரண்டு கிட்னியும் விரிந்திருந்தால், இருப்பதே ஒரு கிட்னி என்றால், வயிற்றிலிருக்கும்போதே பனிக்குட நீர் குறைந்திருந்தால், ஆண் குழந்தைக்கு மூத்திரப்பையும் விரிந்திருந்தால் இரண்டு நாள் காத்திருக்கக் கூடாது.

பையன் நல்லாத்தானே மூத்திரம் போறான்? அப்புறம் எங்க அடைப்பு?

இந்தக் கேள்விதான் அதிகம். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு என்றால் இன்னொரு கிட்னி முழுசாக வேலை செய்யும். டயப்பர் நனையும், பால் குடிப்பான், எடை ஏறும், சிரிப்பான். வெளியிலிருந்து பார்த்து இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கவே முடியாது. மலையிலிருந்து கீழே போக ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு, குழந்தைக்கு வாந்தி. அப்படியிருக்க ‘பையன்தான் நல்லா இருக்கானே’ என்று ஸ்கேன் தேதியைத் தள்ளிப்போடுவது எனக்குப் புரிகிறது. ஆனால் நான் வார்டில் பார்த்த, கிட்னி கெட்டுப்போன குழந்தைகளில் பலர் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆண் குழந்தைக்கு யூரின் வளைவாகப் பீய்ச்சி வராமல் சொட்டுச் சொட்டாக வந்தால், முக்கி அழுதுகொண்டே போனால், அது வேறு கதை. யூரின் வெளியே வரும் பாதையிலேயே ஜவ்வுபோல ஒரு தடுப்பு இருக்கலாம், வால்வு என்பார்கள். அது இரண்டு கிட்னியையும் பாதிக்கும். முதலில் கத்தீட்டர் போட்டு யூரினை வடியவிட்டு, பிறகு உள்ளே குழாய்க் கேமரா விட்டு அந்த ஜவ்வை அகற்றுவார்கள். அன்றைக்கே போக வேண்டிய விஷயம் அது.

ஊசி போட்டு எடுக்கற ஸ்கேன் ஒண்ணு எழுதியிருக்காங்க. கதிர்வீச்சாமே, குழந்தைக்கு ஆகுமா?

ரீனோகிராம் என்பார்கள், ஐசோடோப் ஸ்கேன் என்றும் சொல்வார்கள். சாதாரண ஸ்கேன் டிரம் எவ்வளவு பெரிது என்று சொல்லும். ஒவ்வொரு கிட்னியும் எவ்வளவு வேலை செய்கிறது, ஹோஸ் வழியாக எவ்வளவு வேகமாக வடிகிறது என்பதை இதுதான் சொல்லும். கையில் ஊசி ஏற்றி மிகச் சிறிய அளவு கதிர்மருந்து செலுத்துவார்கள். யூரினை அதிகப்படுத்த லாசிக்ஸ் கொடுத்து, கேமராவுக்குக் கீழே அரை மணி நேரம் அசையாமல் படுக்கவைப்பார்கள். மருந்து யூரினிலேயே வெளியேறிவிடும். அன்றைக்கு டயப்பர் மாற்றியதும் கையைக் கழுவிக்கொண்டால் போதும். குழந்தைக்கு ஒன்றரை மாதம் ஆவதற்கு முன்னால் எடுத்தால் கிட்னி முதிர்ந்திருக்காது, கணக்கும் தெளிவாக வராது.

ரிப்போர்ட்டில் இரண்டு கிட்னிக்கும் வேலை எப்படிப் பங்கு பிரிகிறது என்று சதவீதத்தில் இருக்கும். இரண்டும் 45-இலிருந்து 55-க்குள் இருந்தால் சரிசமம் என்று வைத்துக்கொள்வார்கள். அந்த எண்ணைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த தடவை ஒப்பிட அதுதான் வேண்டும். ஃபைல் தொலையும், தடுப்பூசி அட்டையை யாரும் தொலைப்பதில்லை.

கீழ ஒரு டாக்டர் ஆபரேஷன்ங்கறாரு, இன்னொருத்தரு பாக்கலாம்ங்கறாரு. யாரு சொல்றது சரி?

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். ஒரு காலத்தில் விரிவு பெரிதாக இருந்தாலே ஆபரேஷன் செய்துவிடுவார்கள். நிறையக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாகிறது என்று தெரிந்தபின் காத்திருந்து பார்ப்பது வழக்கமாயிற்று. இப்போது பெரும்பாலும் பார்ப்பது இவைதான்: அந்தக் கிட்னியின் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா, அடுத்த ரீனோகிராமில் 5, 10 சதவீதம் இறங்கியிருக்கிறதா, ஸ்கேனுக்கு ஸ்கேன் விரிவு கூடுகிறதா, காய்ச்சலோடு யூரின் தொற்று வந்ததா. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் ஆபரேஷன் பக்கம் சாய்வார்கள். பங்கு 45, விரிவு 18 மில்லிமீட்டர், தொற்று இல்லை என்ற குழந்தையை ஒருவர் செய்யலாம் என்பார், இன்னொருவர் மூன்று மாதம் பார்க்கலாம் என்பார்.

என் சொந்த அபிப்பிராயம் ஒன்று உண்டு, டாக்டர்கள் இதை எழுதிக் கொடுக்க மாட்டார்கள். காத்திருப்பது என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் போய்ப் பார்ப்பது. வீட்டில் சும்மா இருப்பதற்குக் காத்திருப்பு என்று பெயரில்லை. உங்கள் வீட்டுச் சூழ்நிலையில் ஒரு வருஷத்துக்கு நாலைந்து தடவை இறங்கி ஏற முடியாது என்றால் அதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ‘எங்க வீடு கொடநாடு பக்கம், வருவது கஷ்டம்’ என்பதும் முடிவெடுக்க அவருக்குத் தேவையான தகவல்தான். சாதாரண ஸ்கேனை ஊட்டியிலோ குன்னூரிலோ எடுத்துப் படத்தை அனுப்பலாமா என்றும் கேளுங்கள். பல டாக்டர்கள் சரி என்பார்கள்.

நெருஞ்சி முள் கஷாயம், பூனைமீசை இலையெல்லாம் குடுத்தா அடைப்பு கரையாதா?

கரைவதற்கு உள்ளே கல்லோ அழுக்கோ இல்லை. குழாயின் அமைப்பே குறுகல். யூரினை அதிகப்படுத்தும் எதுவும் நசுங்கின ஹோஸுக்கு மேலே தண்ணீரை இன்னும் திறந்துவிடுவது போலத்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம். இங்கே இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: மருந்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவது. சுத்தமான மலைத்தேனாக இருந்தாலும் ஒரு வயதுக்குள் ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகி உடம்பைத் துவளவைத்துவிடும்.

ஆபரேஷன்ல என்னதான் பண்ணுவாங்க? கிட்னியவே வெளிய எடுப்பாங்களா?

எடுக்க மாட்டார்கள். பைலோபிளாஸ்டி என்று பெயர். விலாவுக்குக் கீழே சின்னதாகக் கீறி, அல்லது லேப்ராஸ்கோப்பி மூலம், இறுகின துண்டை வெட்டி நீக்கிவிட்டு, நல்ல குழாயின் வாயைச் சாய்வாக அகலப்படுத்தி, பையோடு மறுபடி தைப்பார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெல்லிய நூல், தானாகவே கரைந்துவிடும். ஆண்டர்சன், ஹைன்ஸ் என்ற இரண்டு இங்கிலாந்து டாக்டர்கள் 1949-ல் எழுதிய முறை இது. கருவிகள் மாறிவிட்டன, அடிப்படை அப்படியே இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் முதல் ஆபரேஷனிலேயே சரியாகிவிடும். இரண்டு மணி நேரம் முன்னே பின்னே ஆகும். நேரம் நீண்டால் வெளியே உட்கார்ந்து தப்பாக எதையும் கற்பனை செய்யாதீர்கள். மயக்கம் கொடுப்பதற்கும் தெளிவிப்பதற்குமே கணிசமான நேரம் போகும்.

நாலு மாசக் குழந்தைக்கு மயக்க மருந்தா? மூளைய பாதிக்கும்னு போன்ல பாத்தேன்.

நீங்கள் பார்த்ததற்கு ஒரு அடிப்படை உண்டு. மூன்று வயதுக்குள் 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கமும், திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கமும் வளரும் மூளையைப் பாதிக்கலாம் என்று 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. அதன்பின் கைக்குழந்தைகளை ஐந்து வயது வரை பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு 2019-ல் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஒரு தடவை மயக்கத்தால் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை என்று கண்டது. பைலோபிளாஸ்டி இந்த இரண்டுக்கும் நடுவே வரும். தள்ளிப்போட முடிகிற ஆபரேஷனாக இருந்தால் டாக்டரே தள்ளிப்போடுவார். கிட்னியின் பங்கு இறங்குகிறது என்றால் அந்த நஷ்டம் நிச்சயமானது, மயக்கத்தின் ஆபத்து ஊகம். குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அது நியாயமான கேள்வி, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆபரேஷனுக்குக் காலைல ஏழு மணிக்கு வரச் சொல்றாங்க. மேலருந்து ராத்திரியே கிளம்பிடலாமா?

முந்தின நாளே பகலில் இறங்கிவிடுங்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் ஒரு மரம் விழுந்தால் போதும், அத்தனை பேரும் நடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். 2009 நவம்பரில் மண் சரிந்து சாலைகளே போனதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மே மாத சீசனிலும் இதே கதி, ஒருவழிப்பாதை வேறு. வளைவுகளில் குழந்தை வாந்தி எடுத்தால் கடைசியாகக் குடித்த பாலும் போய்விடும். ஆபரேஷனுக்கு முன்னால் தாய்ப்பாலை 4 மணி நேரத்துக்கு முன்பும், பவுடர் பால், பசும்பாலை 6 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். பாட்டி பாவம் பார்த்து ஒரு வாய் கொடுத்தால் ஆபரேஷன் அன்றைக்கு ரத்து. அதை மறைத்தால் இன்னும் ஆபத்து.

சளி இருந்தால் கிளம்புவதற்கு முன்னமே போன் செய்யுங்கள். நம் குளிரில் மூக்கு ஒழுகாத குழந்தை அபூர்வம். இருந்தாலும் நெஞ்சுச் சளியோ காய்ச்சலோ இருந்தால் சில வாரம் தள்ளித்தான் வைப்பார்கள். மேலே போட்ட மூன்று அடுக்கு ஸ்வெட்டரோடு கீழே வெயிலில் வைத்திருக்காதீர்கள். அந்தச் சூட்டுக்கே சிலர் காய்ச்சல் என்று பயந்து வந்திருக்கிறார்கள்.

செலவுக்கு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கான திட்டம் அது. ரேஷன் கார்டு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துப் போங்கள். கோழிக்கோடு பக்கம் போகிற கூடலூர், பந்தலூர்க்காரர்கள் அட்டை அங்கே செல்லுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

உள்ள ஒரு டியூப் வெச்சு அனுப்பியிருக்காங்க. வெளிய எதுவும் தெரியல. அது தானா வந்துடுமா?

வராது. டி.ஜே. ஸ்டென்ட் என்று பெயர். தைத்த இடம் ஆறும்வரை யூரின் தடையில்லாமல் போக, கிட்னியிலிருந்து மூத்திரப்பை வரை உள்ளே கிடக்கும் மெல்லிய குழாய். நாலிலிருந்து ஆறு வாரத்தில் போய் எடுக்க வேண்டும். கொஞ்ச நேர மயக்கத்தில் யூரின் வழியாகவே எடுப்பார்கள், கீறல் இல்லை, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வரலாம்.

ஒரு குழந்தையை மறக்க முடியவில்லை. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டென்ட் எடுக்கும் தேதி ஆங்கிலத்தில் சின்னதாக இருந்தது, எங்களில் யாரும் அம்மாவிடம் அதை வாயால் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துக் காய்ச்சலோடு வந்தான். ஸ்டென்ட் முழுக்க உப்புப் படிந்து கல்லாகியிருந்தது. பத்து நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு மூன்று தடவை மயக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் யாரைப் பார்த்தாலும் முதலில் ‘உள்ளே டியூப் இருக்கா, என்னைக்கு எடுக்கணும்?’ என்று கேட்கிறேன். வீட்டுக் காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பில் வட்டமிட்டு வையுங்கள்.

வீட்டுக்கு வந்தப்புறம் யூரின் லேசா செவப்பா போகுது. ராத்திரியில காய்ச்சல் வந்தா என்ன பண்றது?

ஸ்டென்ட் உள்ளே இருக்கும்வரை லேசான சிவப்பு வந்து வந்து போகும். அடிக்கடி சொட்டுவதும், போகும்போது முகம் சுளிப்பதும் உண்டு. பால் அதிகம் கொடுங்கள். கட்டி கட்டியாக ரத்தம் வந்தால், யூரின் குறைந்தால், வயிறு உப்பினால், தையலில் ஈரம் கசிந்தால் போக வேண்டும்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் சொல்லவே வேண்டாம். முதலில் கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, எது பக்கமோ அந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108. அங்கே இரண்டு விஷயம் சொல்லுங்கள்: கிட்னி ஆபரேஷன் ஆன குழந்தை, ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன் யூரின் கல்ச்சருக்கு எடுங்கள். மருந்து போட்டபின் எடுத்தால் எந்தக் கிருமி என்று தெரியாமல் போய்விடும். ஒட்டும் பையில் பிடித்த யூரினில் தோல் கிருமி கலந்துவிடும் என்பதால் சின்ன டியூப் விட்டு எடுப்பார்கள், அதைத் தடுக்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஐபுப்ரோஃபென் வாங்கிக் கொடுக்காதீர்கள், கிட்னிக்கு ஆகாது. டாக்டர் எழுதிய அளவில் பாராசிட்டமால் போதும்.

ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. ஸ்கேன்ல இன்னும் வீக்கம்னுதான் வருது. ஏமாத்திட்டாங்களா?

மாதக்கணக்கில் விரிந்து கிடந்த பை ஒரே நாளில் சுருங்காது. வெள்ளைச் சோளம் மூட்டை ஏற்றின சாக்கு காலியானாலும் தொய்வாகத்தானே கிடக்கும். ஒரு வருஷம் வரை மெல்லக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் விரிவு நிரந்தரமாகவே நிற்கும், அதனால் கெடுதல் இல்லை. ஆபரேஷனுக்கு முன் எடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் நல்லது, கூடியிருந்தால் கேள்வி. சில மாதம் கழித்து ரீனோகிராம் எடுத்து வடிகிறதா, பங்கு நிற்கிறதா என்று பார்ப்பார்கள். தடுப்பூசி அட்டையின் பின்னால் எழுதச் சொன்னேனே, அது இப்போது உதவும்.

ரிப்போர்ட்ல 12 சதவீதம்தான் வேலை செய்யுதாம். எடுத்துடலாம்ங்கறாங்க. அவசரப்படறாங்களோ?

கடினமான கேள்வி. பங்கு 10 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டால் எடுப்பதைப் பற்றிப் பேசுவார்கள். ஆனால் கைக்குழந்தையின் கிட்னி மீண்டுவரும் தன்மை உள்ளது. அழுத்தத்தில் அமுங்கியிருக்கும் கிட்னியும் ரிப்போர்ட்டில் செத்ததுபோலத் தெரியும். முதுகு வழியாக ஒரு குழாய் வைத்துச் சில வாரம் யூரினை வெளியே வடியவிட்டு, மறுபடி ரீனோகிராம் எடுத்துப் பங்கு ஏறுகிறதா என்று பார்ப்பதுண்டு. ஏறினால் பைலோபிளாஸ்டி. அப்படி முயன்று பார்க்கலாமா என்று நேராகக் கேளுங்கள். ஏறவில்லை, தொற்றும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் எடுப்பதுதான் நல்லது. இன்னொரு கிட்னி நன்றாக இருந்தால் அவன் எல்லோரையும்போல வாழலாம். வருஷத்துக்கு ஒரு தடவை ரத்த அழுத்தமும் யூரினும் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்த குழந்தைக்கும் வருமா? இவன் பெரியவனானா பந்து விளையாடலாமா?

கூடப் பிறந்தவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், ஆனாலும் வராமல் போவதே அதிகம். அடுத்த கர்ப்பத்தில் ஸ்கேன் எடுப்பவரிடம் மூத்தவனுக்கு இருந்ததைச் சொல்லிவிடுங்கள்.

விளையாட்டுக்குத் தடை இல்லை. பத்து வயதில் ‘பந்து விளையாடிட்டு நிறையத் தண்ணி குடிச்சா இடுப்புல பிடிக்குது, வாந்தி வருது’ என்று அவன் சொன்னால் மட்டும் அசிடிட்டி மாத்திரை வாங்கித் தராமல், வலி இருக்கும்போதே ஒரு ஸ்கேன் எடுங்கள். வலி நின்றபின் எடுத்தால் விரிவு தெரியாமலே போகலாம்.